இஸ்ரேல்–போலந்து மாணவர் சந்திப்பை நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இஸ்ரேலியப் பள்ளி மாணவர்கள் போலந்துக்குப் போய்வரும் பயணம் 1988-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் திட்டமாகத் தொடங்கியது. கொரோனாவுக்கு முன்பு ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் போய்வந்தார்கள். பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் எட்டு நாள் பயணம். வார்சா, ட்ரெப்ளிங்கா, லூப்ளின், மைதானெக், கிராக்கோவ், ஆஷ்விட்ஸ் என்று பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு வதை முகாம், மதியம் ஒரு இடுகாடு, இரவில் ஹோட்டல். அந்த நாட்டில் இப்போது வாழ்கிற, தங்கள் வயதே ஆன பிள்ளைகளோடு பேச ஒதுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான். சில குழுக்களுக்கு அதுவும் கிடையாது.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளி அரங்கில் இரண்டு வரிசை நாற்காலி. போலந்து மாணவர்கள் கேக் சுட்டு எடுத்து வந்திருப்பார்கள். இஸ்ரேலியப் பிள்ளைகள் முகாமிலிருந்து நேராக, சோர்ந்துபோய் வந்திருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் பெயர் சொல்லி, பிடித்த பாட்டு சொல்லி, இன்ஸ்டாகிராம் முகவரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் எதுவும் நடக்கவும் இல்லை.

ஐந்து நாள் நீளமுள்ள ஒரு முறையான சந்திப்பை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஐரோப்பாவில் ஆசிரியராகவோ தன்னார்வலராகவோ இருக்கும் நம்மவர்களுக்கு நேரடியாகவே பயன்படும். மற்றவர்களுக்கு, மனக்கசப்பு உள்ள இரண்டு சமூகங்களின் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்க என்னவெல்லாம் வேண்டும் என்பது புரியும். என் கருத்து ஒன்றுதான்: எதிரெதிரே உட்கார வைத்து "பேசுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒரு தரப்பு இல்லாமல் இன்னொரு தரப்பால் முடிக்க முடியாத ஒரு வேலையைக் கொடுங்கள். பேச்சு தானாக வரும். அப்படி ஒரு வேலை போலந்தின் ஒவ்வொரு சின்ன ஊரிலும் காத்துக்கிடக்கிறது.

படி 1: வருபவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

போலந்தில் யூதர்களின் வாழ்க்கை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. 1264-இல் கலீஷ் நகரில் வெளியான சாசனம் அவர்களுக்குப் பாதுகாப்பும் வணிக உரிமையும் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். பத்துப் பேரில் ஒருவர். அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேரை நாஜி ஜெர்மனி கொன்றது. போரில் இறந்த போலந்துக் குடிமக்கள் மொத்தம் சுமார் 60 லட்சம். அதாவது, பாதிப் பேர் யூதர்கள், பாதிப் பேர் மற்றவர்கள். இந்தக் கணக்கின் ஒரு பாதியை ஒரு தரப்பும், மறு பாதியை இன்னொரு தரப்பும் கேட்டு வளர்ந்தவர்கள். சிக்கலின் வேர் இதில்தான் இருக்கிறது.

இஸ்ரேலியக் குழு என்றதும் எல்லோருக்கும் போலந்தில் கொள்ளுத்தாத்தா இருந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். மொராக்கோ, ஈராக், ஏமன், எத்தியோப்பியாவிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் நிறைய. நெகேவ் பாலைவனத்தில் நெவாதீம் என்று ஒரு ஊர்; 1950-களில் கொச்சியிலிருந்து போன யூதர்கள் அங்கே குடியேறினார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் நமக்கும் லூப்ளின் ஒரே தூரம்தான். அந்நாட்டுக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபியர் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே "உன் குடும்பத்தில் யார் இங்கே இறந்தார்கள்?" என்பதை அறிமுகக் கேள்வியாக வைப்பது பெரும் தவறு. பாதிப் பேர் வாயடைத்துப்போவார்கள்.

போலந்து மாணவர்கள் பக்கம் வேறு மாதிரி. பலருக்கு இதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யூதரைச் சந்திப்பது. வீட்டில் இரண்டு விதப் பேச்சு கேட்டிருப்பார்கள்: "நாமும்தான் செத்தோம், அதை யாரும் கேட்பதில்லை" என்பது ஒன்று, "பழைய வீட்டைக் கேட்டு வந்துவிடுவார்கள்" என்ற சின்னப் பயம் இன்னொன்று. வெளியே சொல்ல மாட்டார்கள். நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு அரசுகளின் சண்டையும் பிள்ளைகள் தலையில் இறங்கும். 2018 ஜனவரியில் போலந்து தன் தேசிய நினைவகச் சட்டத்தை (தேசிய நினைவகம் என்பது நாஜி, கம்யூனிஸ்ட் காலக் குற்றங்களை விசாரிக்கும் அரசு நிறுவனம்) திருத்தி, நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து நாட்டைப் பொறுப்பாக்கிப் பேசினால் சிறை என்றது. ஜூனில் சிறைத் தண்டனைப் பகுதியை விலக்கிக்கொண்டது, ஆனால் கசப்பு நின்றது. 2021-இல் சொத்துரிமைச் சட்டம் தொடர்பாக மீண்டும் மோதல். 2022-இல் ஆயுதம் ஏந்திய பாதுகாவலர்கள் பற்றியும் பயணத்தின் உள்ளடக்கம் பற்றியும் உடன்பாடு வராமல் பயணங்களே நின்றன. 2023 மார்ச்சில் இரு வெளியுறவு அமைச்சர்களும் வார்சாவில் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் காஸா போர் தொடங்கியதும் எல்லாம் மறுபடி தலைகீழ்.

படி 2: முகாமை வைத்து அல்ல, ஊரை வைத்துத் திட்டமிடுங்கள்

முகாமை மையமாக வைத்தால் போலந்துப் பிள்ளை அங்கே பார்வையாளர் மட்டுமே. ஊரை மையமாக வைத்தால் அவன் வீட்டுக்காரன். எந்த ஊர் நல்லது?

பெரிய ஊர் வேண்டுமென்றால் என் முதல் பரிந்துரை லூப்ளின். போருக்கு முன் சுமார் 43,000 யூதர்கள், ஊரில் மூன்றில் ஒருவர். பழைய கிறிஸ்தவ நகருக்கும் யூத நகருக்கும் நடுவே க்ரோட்ஸ்கா வாயில் என்ற கோட்டை வாசல் நிற்கிறது. அதைக் கடந்தால் இன்று ஒரு சதுக்கமும் புல்வெளியும்தான். 1942 மார்ச் நடுவில் தொடங்கி ஒரே மாதத்தில் 25,000-க்கும் மேற்பட்டவர்களை பெல்ஜெட்ஸ் முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். பிறகு அந்தக் குடியிருப்பையே இடித்துத் தள்ளினார்கள். அந்த வாயிலுக்குள் இப்போது ஒரு பண்பாட்டு மையம் இயங்குகிறது. லூப்ளினின் யூதர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு என்ற கணக்கில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பல கோப்புகளுக்குள் இன்னும் ஒரு தாள்கூட இல்லை. மாணவர்களை அந்த அலமாரிகள் முன் ஐந்து நிமிடம் சும்மா நிற்க விட்டால் போதும், விளக்கவுரை தேவைப்படாது.

சிறிய ஊர் வேண்டுமென்றால் டிகோட்சின். 1642-இல் கட்டிய யூத ஜெப ஆலயம் சுவர் முழுக்கப் பிரார்த்தனை எழுத்துகளோடு இன்றும் நிற்கிறது. 1941 ஆகஸ்டில் அந்த ஊர் யூதர்களைப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோய் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். வான்சுட், வ்வோதாவா, ஹ்மியெல்னிக் ஆகிய ஊர்களிலும் பழைய ஜெப ஆலயங்களைப் பார்க்கலாம்.

ஊரைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கும் அளவுகோல்கள்: கூட்டாளிப் பள்ளி அதே ஊரில் இருக்க வேண்டும், எழுத்துள்ள கற்களோடு ஓர் இடுகாடு இருக்க வேண்டும், ஊர்ப் பதிவேடுகள் போரில் தப்பியிருக்க வேண்டும். மூன்றாவது கிடைப்பதுதான் கஷ்டம், அதை முதலில் விசாரியுங்கள். "உரையாடல் மன்றம்" என்ற போலந்து அறக்கட்டளை 2008 முதல் "உரையாடல் பள்ளி" என்று ஒரு திட்டம் நடத்திவருகிறது. சிற்றூர் மாணவர்கள் தங்கள் ஊரின் யூத வரலாற்றைத் தாங்களே தேடிப் படித்து, ஒரு நடைச்சுற்றுலா தயாரிப்பார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த பள்ளி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 3: தேதி, பணம், சாப்பாடு

சலிப்பூட்டும் பகுதி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தேதியை இஸ்ரேல் பக்கம் செப்டம்பர்–அக்டோபர் பண்டிகைகளும் பஸ்கா விடுமுறையும், போலந்து பக்கம் ஜனவரி–பிப்ரவரி குளிர்கால விடுமுறையும் மே மாத இறுதித் தேர்வும் நெருக்கும். அக்டோபர் கடைசியும் மார்ச் மாதமும் பெரும்பாலும் சரிப்படும். நவம்பர் 1 போலந்தில் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். அதற்கு முந்தைய வாரம் அமைந்தால் அதிர்ஷ்டம். இரண்டு தரப்பும் கல்லறையில் என்ன செய்கிறார்கள் என்று ஒப்பிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

பணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தைப் பாருங்கள். வயது 13 முதல் 30 வரை, பங்கேற்பாளர்கள் 16 முதல் 60 வரை, காலம் 5 முதல் 21 நாள் வரை. தென் மத்தியதரைக் கடல் நாடு என்ற வகையில் இஸ்ரேலிய அமைப்பும் கூட்டாளியாகச் சேரலாம்.

பாதுகாப்பு ஏற்பாட்டை இஸ்ரேல் தரப்பும் உள்ளூர் போலீசும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அதில் நீங்கள் மூக்கை நுழைக்காதீர்கள். ஆனால் போலந்து மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறை வாசலில் ஒரு பாதுகாவலர் நிற்பதைத் திடீரென்று பார்த்தால் "எங்களைப் பார்த்தா பயம்?" என்று தோன்றும்.

சாப்பாடு: குழுவில் சமய ஈடுபாடு உள்ளவர்கள் இருந்தால் யூத உணவு விதிப்படி தயாரித்த, முத்திரையுள்ள கோஷர் உணவை வெளியிலிருந்து வரவழையுங்கள். இல்லாவிட்டால் பாலும் இறைச்சியும் இல்லாத காய்கறிச் சாப்பாடு எல்லோருக்கும் பொதுவாகப் போதும். வெள்ளி மாலை சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை ஷபாத் ஓய்வுநாள். பயணமோ இடுகாட்டு வேலையோ வைக்காதீர்கள். ஞாயிறு வந்து வெள்ளி காலை கிளம்பும்படி அமைத்தால் தலைவலி இல்லை.

படி 4: வருவதற்கு முன் இரண்டு மாதம்

இரு பள்ளிகளுக்கும் ஒரே வீட்டுப்பாடம். முகாம் பற்றிய படங்களைப் பார்க்கச் சொல்ல வேண்டாம். அதெல்லாம் பள்ளியிலேயே நடந்திருக்கும். இஸ்ரேல் குழு இன்றைய போலந்து இளைஞர்களைப் பற்றி ஐந்து கேள்வி எழுதி அனுப்பட்டும். போலந்து குழு இன்றைய இஸ்ரேலைப் பற்றி அதே மாதிரி. வீடியோ அழைப்பில் பேச வைப்பதைவிடச் சின்னக் குரல்பதிவுகளை அனுப்ப வைப்பது நல்லது. கூச்சப்படும் பிள்ளையும் பேசும்.

அப்புறம், எழுத்து. போலந்து மாணவர்கள் ஹீப்ருவின் 22 எழுத்துகளையும் அவற்றின் எண் மதிப்பையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இஸ்ரேலிய மாணவர்கள் போலந்து மொழியில் பிறப்பு, இறப்பு, மகன், மகள், வயது, தொழில் என்று ஒரு இருபது சொல் கற்கட்டும். எதற்கு என்று படி 6-இல் தெரியும்.

ஆறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களை வருவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். நண்பர்களை ஒரே குழுவில் போடாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு உதவியாளர் வேண்டும். ஆழமான பேச்சுக்கு ஹீப்ருவும் போலந்து மொழியும் தெரிந்த ஒருவராவது கட்டாயம். ஆங்கிலத்தை மட்டும் நம்பினால் நன்றாக ஆங்கிலம் பேசும் நான்கு பேர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்கள்.

படி 5: முதல் மாலை, சமையலறையில்

அரங்கத்தை விட்டுச் சமையலறைக்குப் போங்கள். போலந்து பேக்கரி எதிலும் ஹவ்கா என்ற பின்னல் ரொட்டி விற்கும். இஸ்ரேலியப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடும் ஹல்லாவும் அதுவும் ஒன்றே. போலந்துக் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டில் சில வீடுகளில் "யூத முறை கெண்டை மீன்" என்ற பெயரிலேயே ஒரு பதார்த்தம் உண்டு. அதைக் கேட்டதும் இஸ்ரேலியப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாட்டி வீட்டு மீன் இங்கே கிறிஸ்துமஸுக்கா? அந்த மீனில் சர்க்கரை போடுவதா மிளகு போடுவதா என்று யூதக் குடும்பங்களுக்குள்ளேயே பழைய சண்டை. தென் போலந்து வழியினர் இனிப்பு, லித்துவேனிய வழியினர் காரம். மொராக்கோ வழிப் பிள்ளைகள் இரண்டையும் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்கள் தங்கள் வீட்டுக் கார மீனைச் செய்து காட்டட்டும்.

இதே மாலையில் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிப் பேசலாம். மருத்துவர், எழுத்தாளர், வார்சாவில் யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்தியவர். இரு நாட்டுப் பிள்ளைகளும் அவருடைய குட்டி ராஜா கதையைத் தங்கள் தங்கள் மொழியில் படித்தவர்கள். 1942 ஆகஸ்டில் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்பை மறுத்துவிட்டு, பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்கா வதை முகாமுக்கு ரயில் ஏறினார். அங்கே 17,000 கற்கள் நட்ட நினைவிடத்தில் தனிமனிதர் பெயர் பொறித்த கல் அவருடையது மட்டும்தான். நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு: அதற்குச் சில வாரம் முன்பு, ஜூலை 18 அன்று, அந்த இல்லத்துப் பிள்ளைகள் தாகூரின் அஞ்சலகம் நாடகத்தை நடித்தார்கள்.

படி 6: இடுகாட்டில் இரண்டு நாள்

இதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள்.

போலந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத இடுகாடுகள் உண்டு. பலவற்றைப் பராமரிக்க ஊரில் யாரும் இல்லை. ஜெர்மானியர்கள் கற்களைப் பெயர்த்துச் சாலை போட்டார்கள். போருக்குப் பிறகும் ஊர்க்காரர்கள் சிலர் கொண்டுபோய் முற்றத்திலும் கொட்டகையிலும் பயன்படுத்தினார்கள். லூப்ளினிலிருந்து மேற்கே காஜிமியெஷ் தோல்னி என்ற ஊரில் அப்படி மீட்ட கற்களை வைத்து 1984-இல் ஒரு பெரிய சுவர் எழுப்பினார்கள், நடுவே ஒரு பிளவோடு. நேரம் இருந்தால் ஒரு மாலை அங்கே போய்வாருங்கள்.

முதலில் அனுமதி. இடுகாடு அந்தப் பகுதி யூதச் சமூகத்துக்கோ, யூத மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கோ, நகராட்சிக்கோ, அரசுக்கோ சொந்தமாக இருக்கும். பல இடங்கள் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது. யூதச் சமய முறைப்படி புதைத்த நிலத்தை அசைக்கவே கூடாது. செடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். வெளியே வரும்போது கை கழுவ வாசலில் தண்ணீர் வையுங்கள். ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுவார்கள்: பழைய குருமார் வழிவந்த கோஹென் குடும்பத்துப் பிள்ளைகளில் சமய ஈடுபாடு உள்ளவர்கள் இடுகாட்டுக்குள் நுழைய மாட்டார்கள். அவர்களை வாசலில் சும்மா நிற்க வைக்காதீர்கள். மடிக்கணினியைக் கொடுத்து, உள்ளேயிருந்து வரும் படங்களைப் பட்டியலில் ஏற்றும் பொறுப்பைக் கொடுங்கள். வேலையின் மூளையே அவர்களாகிவிடுவார்கள்.

கல்லில் எழுத்து மங்கியிருந்தால் மாவு, சாக்பீஸ், ஷேவிங் கிரீம் எதையும் பூசாதீர்கள். கல் கெட்டுவிடும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்மேல் வீழ்த்துங்கள். மேகமாக இருந்தால் டார்ச் லைட். வெட்டெழுத்துக்குள் நிழல் விழுந்து, ஒன்றுமே இல்லை என்று நினைத்த கல்லில் ஒரு முழு வரி எழும். ஒருவர் கண்ணாடி பிடிக்க, ஒருவர் படமெடுக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத என்று ஆளுக்கொரு வேலை.

வாசிப்பு முதலில் இஸ்ரேலியப் பிள்ளை கையில். உதாரணத்துக்கு ஒரு கல்லில் இப்படி இருக்கலாம்: மேலே இரண்டு மெழுகுவத்தித் தண்டுகள், அதாவது பெண். மெழுகுவத்தி ஒடிந்திருந்தால் இளவயதில் இறந்தவர். விரித்த இரு கைகள் இருந்தால் கோஹென், தண்ணீர்க் குவளை இருந்தால் பழைய ஆலயப் பணியாளர் வழிவந்த லேவி. அதன் கீழே "இங்கே புதைக்கப்பட்டவர்" என்பதன் சுருக்கமாக இரண்டு எழுத்து. பிறகு "ரிவ்கா, மோஷேயின் மகள்". நம் இனிஷியல் மாதிரிதான், தகப்பன் பெயர் மட்டும்; குடும்பப் பெயர் பல கற்களில் இருக்காது. அடுத்து சிவான் மாதம், அதாவது மே–ஜூன். கடைசியில் ஆண்டு: தாவ், ரேஷ், ட்சாடி, ஹே என்று நான்கு எழுத்து.

இங்கே போலந்துப் பிள்ளை தன் தாளை எடுப்பான். தாவ் 400, ரேஷ் 200, ட்சாடி 90, ஹே 5. மொத்தம் 695. யூத ஆண்டில் ஆயிரக்கணக்கை எழுதாமல் விடுவது வழக்கம், எனவே இது 5695. 695-உடன் 1240-ஐக் கூட்டினால் 1935. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், மாதம் திஷ்ரே முதல் தெவெத் வரை (ஏறத்தாழ செப்டம்பர் முதல் டிசம்பர் வரை) இருந்தால் 1239-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் கல்லுக்கு அரை மணி நேரம் ஆகும். பத்தாவது கல்லுக்கு ஐந்து நிமிடம் போதும், போட்டி போட்டுக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

இரண்டாம் நாள் ஆவணம். இப்போது கை மாறுகிறது. 1935-இல் ரிவ்கா என்று யார் இறந்தார்? ஊர்ப் பதிவேடு போலந்து மொழியில் இருக்கும். இஸ்ரேலியப் பிள்ளைக்கு அது ஒன்றும் புரியாது. போலந்துச் சட்டப்படி இறப்பு, திருமணப் பதிவுகள் 80 ஆண்டுக்குப் பிறகும் பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுக்குப் பிறகும் பொதுமக்களுக்குத் திறக்கும். நிறையப் பதிவேடுகளைப் போலந்து அரசு ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: முன்பு ரஷ்யப் பேரரசில் இருந்த பகுதிகளில் 1868 முதல் முதல் உலகப் போர்வரை பதிவுகள் ரஷ்ய மொழியில் இருக்கும். உக்ரைனிலிருந்து வந்து போலந்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர் குழுவில் இருந்தால் அந்தக் கையெழுத்தைப் படிக்க உதவுவார்.

போலந்துப் பிள்ளை பதிவேட்டில் விரல் வைத்து வாசிப்பான்: வயது, கணவன் தொழில், தெரு, வீட்டு எண், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பப் பெயர். அந்தத் தெரு அவன் தினமும் நடக்கும் தெருவாக இருக்கலாம். கல்லில் தகப்பன் பெயரோடு மட்டும் இருந்தவருக்கு இப்போது முகவரி கிடைத்துவிட்டது.

குடும்பப் பெயர் கிடைத்ததும் மூன்றாவது சுற்று. ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்தின் இணையப் பெயர்ப் பட்டியலில் அதே ஊர், அதே குடும்பப் பெயர் என்று தேடுங்கள். ரிவ்காவின் பிள்ளைகள் அங்கே இருக்கலாம். கொல்லப்பட்டவர்களுக்காக உறவினர்கள் நிரப்பிய சாட்சித் தாள்கள் அவை. 1950-களில் நிரப்பியவை பல ஹீப்ருவிலோ, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷிலோ கையால் எழுதியவை. கீழே நிரப்பியவரின் பெயர், உறவு, அவர் குடியிருந்த ஊர். திரும்பவும் இஸ்ரேலியப் பிள்ளை வாசிப்பாள்: "தங்கை, ஹைஃபா." கல்லிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஹைஃபாவுக்கு. எல்லாக் கல்லுக்கும் இப்படிக் கிடைக்காது. பத்தில் ஒன்று கிடைத்தாலே நல்ல அறுவடை. கிடைக்காதவற்றையும் பட்டியலில் ஏற்றுங்கள்.

மதியம் அந்த முகவரிக்கு நடந்துபோங்கள். பழைய வீடு நின்றால் நிலைக்கதவின் வலப்பக்கத்தைப் பாருங்கள். தோள் உயரத்தில் சாய்வாக ஒரு குழி இருக்கலாம். யூத வீடுகளில் மெஸூஸா என்ற வேதச் சுருள் பதித்த இடம். எத்தனை முறை சாயம் அடித்தாலும் அந்தத் தழும்பு தெரியும். ஆனால் அனுமதி இல்லாமல் யார் வீட்டு வாசலிலும் முப்பது பேராகப் போய் நிற்காதீர்கள். முதல் படியில் சொன்ன பயம் நினைவிருக்கட்டும். போலந்து மாணவர்கள் முன்பே போய்க் கதவைத் தட்டி, யார், எதற்கு என்று சொல்லிவிட்டு வரட்டும்.

படி 7: முகாமுக்குப் போகும் நாள்

போக வேண்டும். ஆனால் நான்காம் நாள்; முதல் நாள் வேண்டாம். லூப்ளினில் இருந்தால் மைதானெக் முகாம் ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. சுமார் 78,000 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள், அவர்களில் 59,000 பேர் யூதர்கள். 1943 நவம்பர் 3 அன்று ஒரே நாளில் மட்டும் சுமார் 18,000 யூதர்களைச் சுட்டார்கள்.

இஸ்ரேலியக் குழுக்கள் முகாமில் கொடியும் பாட்டுமாகத் தங்கள் சடங்கை நடத்துவது வழக்கம். அந்த நேரத்தில் போலந்துப் பிள்ளைகள் ஓரமாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இஸ்ரேலியக் குழு தன் சடங்கைத் தனியாக நடத்தட்டும். அது அவர்கள் உரிமை, பறிக்காதீர்கள். பிறகு பொதுவான பகுதி ஒன்று: இரண்டு நாளில் கண்டுபிடித்த பெயர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து வாசிப்பது. வேறு உரை வேண்டாம். மேயரைக் கூப்பிட்டால் உரை வந்துவிடும், அதனால் கூப்பிடாதீர்கள்.

ஏப்ரல் மாதமாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஏப்ரல் 19, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில் எழுச்சி தொடங்கிய நாள். போலந்துப் பள்ளிகள் அன்று யூத இனப்படுகொலையை நினைவுகூர்கின்றன. லூப்ளினில் மாணவர்கள் அன்று ஹெனியோ என்ற சிறுவனுக்குக் கடிதம் எழுதுவார்கள். 1933-இல் லூப்ளினில் பிறந்தவன், மைதானெக்கில் கொல்லப்பட்டான். அவன் இருந்த பழைய முகவரிக்கே அனுப்புவார்கள். விலாசதாரர் இல்லை என்று கடிதங்கள் திரும்பி வரும்.

அன்று இரவு பெரிய விவாதம் எதுவும் வைக்காதீர்கள். கால்பந்து ஆடட்டும். சிரிப்புச் சத்தம் கேட்டால் ஆசிரியர்கள் அதட்ட வேண்டாம்.

படி 8: கஷ்டமான கேள்விகள்

ஐந்தாம் நாள் காலை. முதலில் அவரவர் மொழியில் அவரவர் குழுவோடு ஒரு மணி நேரம். மற்றவர் முன்னால் சொல்ல முடியாததை இங்கே கொட்டட்டும். பிறகு கலப்புக் குழு.

கருத்துக்குப் பதிலாக ஆவணத்தை மேசையில் வையுங்கள். யெத்வாப்னே, 1941 ஜூலை 10: ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ், அந்த ஊரின் போலந்து அண்டை வீட்டார் குறைந்தது 340 யூதர்களைக் கொன்றார்கள் என்று போலந்தின் தேசிய நினைவகமே விசாரித்துச் சொன்னது. கியெல்ட்சே, 1946 ஜூலை 4: போர் முடிந்த பிறகும் 42 யூதர்களைக் கும்பல் கொன்றது. மார்கோவா, 1944 மார்ச் 24: யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக உல்மா குடும்பத்தைக் குழந்தைகளோடு ஜெர்மானியர்கள் சுட்டார்கள், ஒளிந்திருந்தவர்களையும் கொன்றார்கள். யூதர்களைக் காப்பாற்றியதற்காக யாத் வஷேம் கௌரவித்த போலந்துக்காரர்கள் 7,000-க்கும் மேல், எந்த நாட்டையும்விட அதிகம். 1968-இல் கம்யூனிஸ்ட் அரசின் யூத எதிர்ப்புப் பிரச்சாரத்தால் பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். இவை எல்லாமே உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முயல்வதுதான் பெரியவர்கள் செய்வது. பிள்ளைகளிடம் எல்லாத் தாளையும் ஒரே நேரத்தில் கொடுங்கள்; தேதி வரிசைப்படி சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எங்கள் ஊரில் என்ன நடந்தது?" என்பதாக இருக்கும். அதற்கான பதிலைத் தேடி வைத்திருப்பது உங்கள் கடமை.

சொல்லில் கவனம் தேவை. "போலந்து வதை முகாம்" என்று ஒரு இஸ்ரேலியப் பிள்ளை வாய்தவறிச் சொன்னால் அறை உறைந்துவிடும். முகாம்களைக் கட்டி நடத்தியது நாஜி ஜெர்மனி. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் ஐந்தாம் நாள் மிச்சமாகும்.

காஸாவைப் பற்றியும் கேட்பார்கள். 2024 ஏப்ரல் 1 அன்று அங்கே இஸ்ரேலியத் தாக்குதலில் இறந்த நிவாரணப் பணியாளர்கள் ஏழு பேரில் ஒருவர் போலந்துக்காரர். போலந்தில் அது பெரிய செய்தி. மறுபக்கம், 2023 அக்டோபர் 7 அன்று உறவை இழந்த பிள்ளை குழுவில் இருக்கலாம். அடுத்த வருடம் ராணுவத்தில் சேர வேண்டிய பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். "அரசியல் பேசக் கூடாது" என்று தடை போட்டால் அது பஸ்ஸிலும் கழிப்பறை வாசலிலும் நடக்கும், இன்னும் மோசமாக. இதற்கென்று ஒரு தனி அமர்வு வையுங்கள், விருப்பம் உள்ளவர் மட்டும் வரட்டும். ஒரு விதி போதும்: பதினேழு வயதுப் பிள்ளை தன் அரசுக்காகப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்கலாம், மௌனத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1940-களை இன்றைய போரோடு ஒப்பிடும் பேச்சு எழும். அதை அடக்க வேண்டாம், ஆனால் உதவியாளர் அதில் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது.

படி 9: திரும்பிப் போன பிறகு

பட்டியலை மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: இடுகாட்டின் உரிமையாளருக்கு, ஊர் நூலகத்துக்கு, வார்சாவின் போலின் அருங்காட்சியகம் நடத்தும் "மெய்நிகர் ஷ்டெட்ல்" இணையதளத்துக்கு. யூதர்கள் வாழ்ந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் அங்கே தனிப் பக்கம் உண்டு. படம், கல்லின் இடம், ஹீப்ரு வரி, போலந்து மொழிபெயர்ப்பு நான்கும் ஒரே கோப்பில் இருந்தால்தான் அவர்களுக்குப் பயன்படும்.

எதிர்ப்பயணம் கட்டாயம். போலந்துப் பிள்ளைகள் இஸ்ரேலுக்குப் போனால் ஜெருசலேமோடு நிறுத்தாதீர்கள். வடக்கே லோஹமேய் ஹகெட்டாவோத் என்ற கிப்புட்ஸ், அதாவது கூட்டுறவுக் கிராமம். கெட்டோவில் சண்டையிட்டு உயிர் பிழைத்தவர்கள் 1949-இல் நிறுவியது, அங்கே ஒரு அருங்காட்சியகமும் உண்டு. முதல் பிரதமர் பென் குரியோன் பிறந்தது வார்சாவுக்கு அருகே உள்ள ப்வோன்ஸ்க் ஊரில் என்பதை அவர்கள் அங்கே போய்த்தான் பலமுறை கேட்பார்கள். தங்குவது குடும்பங்களோடு இருக்கட்டும், ஹோட்டல் வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல், விசா தேவைப்படாத நாட்டவரும் இஸ்ரேலுக்குக் கிளம்பும் முன் இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும், கட்டணம் 25 ஷெக்கல். முப்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் டிக்கெட் எடுத்த அன்றே பாஸ்போர்ட் நகல்களை வாங்கி வைத்துவிடுங்கள்.